உன் வேலையும் உன் அண்ணன் உடம்பும்

தம்பி,

போன வாரம் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் நீ வைத்துவிட்டுப் போன காகிதக் கட்டு முழுவதையும் படித்துவிட்டேன். உன் அண்ணன் தேசப்பனுக்கு உங்கள் புது மாத்திரையைக் கொடுத்துப் பார்க்க, காப்பாளர் என்ற முறையில் நான் சம்மதிக்கிறேன் என்று கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை காலையில் உங்கள் ஆராய்ச்சி சென்டரிலிருந்து கார் வரும், அதற்குள் போட்டு வை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாய். ஃபோனிலேயே பதில் சொல்லியிருப்பேன். சொன்னால் நீ "அதில்லம்மா, நான் சொல்றத கேளு" என்று ஆரம்பித்து, நான் சொல்ல வந்ததையே எனக்கு மறக்கடித்துவிடுவாய். வேண்டாம் என்கிறவர்களைச் சரி என்று சொல்லவைக்கத்தானே உனக்கு அங்கே பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது நீ நடுவில் புகுந்து பேச முடியாது.

இதை உன் மேடத்திடம் காட்டினாலும் எனக்கு வெட்கமில்லை. உன்னோடு வேலை செய்கிற பிள்ளைகளிடமும் காட்டு. காட்ட வேண்டும் என்றுதான், உனக்கு நன்றாகத் தெரிந்த சங்கதிகளைக்கூட தெரியாதவர்களுக்குச் சொல்வதுபோல எழுதுகிறேன். அவர்களில் பாதிப்பேர் பழவேற்காடு ஏரியைப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்தவர்களும் பூநாரையைப் படம் எடுத்துக்கொண்டு, நண்டு வறுவல் சாப்பிட்டுவிட்டு, டச்சுக்காரன் கல்லறைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பியிருப்பார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. ஒரு நாள் வந்து போகிறவர்களுக்கு அவ்வளவுதான் தெரியும்.

மனநோய் ஆராய்ச்சியில் உனக்கு வேலை கிடைத்த அன்று நம்ம கோட்டைக்குப்பத்தில் அது என்ன வேலை என்று ஒருவருக்கும் புரியவில்லை. மீன் ஏலம் விடுகிற இடத்தில், "இன்னாக்கா, உன் சின்னவன் பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்குற டாக்டராமே?" என்று கேட்டார்கள். டாக்டர் இல்லை, டாக்டர்களுக்குக் கேள்வி கேட்டு எழுதிக் கொடுக்கிறவன் என்றேன். அவர்கள் முகம் சுருங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் அந்த வேலையை உனக்கு முன்னால் நான் பார்த்துவிட்டேன். நீ அப்போது சின்னப் பையன். அந்த வேலையில் நான் தோளில் மாட்டிக்கொண்டு போன நீலப் பை மட்டும்தான் உனக்கு ஞாபகம் இருக்கும்.

சுனாமிக்குப் பிறகு பழவேற்காட்டுக்கு வந்து போனவர்களுக்குக் குறைவே இல்லை. அரிசி கொண்டுவந்தார்கள், படகு கொண்டுவந்தார்கள், சிலபேர் கேமரா மட்டும் கொண்டுவந்தார்கள். கடைசியாக வந்தவர்கள் கேள்விகளைக் கொண்டுவந்தார்கள். உட்கார்ந்து பேச இடம் கிடைக்காமல் டச்சுக்காரன் கல்லறைச் சுவருக்கு வெளியே மரத்தடியில் நாற்காலி போட்டார்கள். வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, மனசு எப்படி இருக்கிறது, வந்து சொல்லுங்கள் என்று கூப்பிட்டால் எவன் வருவான்? ஈ காக்கைகூட வரவில்லை. அதற்குப் பிறகுதான் வீடு வீடாகப் போய்க் கேட்க உள்ளூர்ப் பெண் ஒருத்தி வேண்டும் என்று தேடினார்கள். பன்னிரண்டாவது முடித்த மருமகள் அப்போது ஊரில் நான்தான். உன் நைனாவுக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை. "வூட்டுக்கு வூடு போய் நீ பைத்தியமா நீ பைத்தியமான்னு கேக்கப் போறியா? தொடப்பக்கட்டயால அடிப்பாளுங்க" என்றார். ஒருத்தியும் அடிக்கவில்லை. ஆனால் பிள்ளையைத் தண்ணீருக்குக் கொடுத்திருந்த ஒருத்தி, வலைக் கயிற்றைச் சுற்றிக்கொண்டே என்னைக் கேட்டாள்: "தூக்கம் வருதான்னு கேக்குறியே, வருதுன்னா இன்னா பண்ணுவே? வரலேன்னா இன்னா பண்ணுவே?" எழுதிக்கொள்வேன் என்றேன். "எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த வேலையின் ஏணியை நான் அடியிலிருந்து பார்த்தவள். அடியில் என்னைப்போல் வெயிலில் நடக்கிறவர்கள். அதற்கு மேல்படி உன்னைப்போல் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, எழுதி வந்ததைச் சரிபார்த்து, விட்டுப்போனதை மறுபடி கேட்டுவரச் சொல்கிறவர்கள். அதற்கும் மேலே திட்டத்தை நடத்துகிறவர், அவருக்குப் பக்கத்தில் ஏசி அறையில் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறவர், உச்சியில் கட்டுரையில் பெயர் வருகிற டாக்டர். இதில் கணக்குப் போடுகிறவருக்கு எந்தக் காலத்திலும் வேலைக்குப் பஞ்சமில்லை. ஓர் ஆராய்ச்சி முடிவதற்குள் இன்னொன்று அவரைக் கூப்பிட்டுவிடும். மருந்து கம்பெனிகளுக்காகச் சோதனை நடத்திக் கொடுக்கிற இடங்களில் சம்பளம் நன்றாக வரும், தூக்கம் வராது. வெளிநாட்டில் பிஎச்.டி. படிக்கப் போனால் திரும்பி வரும்போது பெயருக்கு முன்னால் டாக்டர் வந்துவிடும். மற்ற எல்லோருக்கும் ஒப்பந்தம்தான். பணம் வருகிறவரை இரு, நின்றால் கிளம்பு. உன் கல்லூரியில் மேடை போட்டு, இந்தத் துறையில் வாய்ப்பு கொட்டிக் கிடக்கிறது என்று பேசினார்களே, அவர்கள் சொன்னது பொய்யில்லை. அந்த வாய்ப்பு முடிகிற தேதியையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

நான் அந்த நீலப் பையோடு அலைந்த காலத்தில்தான் தேசப்பனுக்கு ஆரம்பித்தது. மீசை அரும்பின வயது. படகில் போகும்போது தண்ணீரைப் பார்த்துப் பேசினான். யாரோ தன்னைத் திட்டுகிறார்கள் என்றான். உன் நைனா காத்து கருப்பு என்றார், திருப்பாலைவனம் கோயிலுக்குக் கூட்டிப்போய் விபூதி போட்டுக்கொண்டு வந்தார். எனக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்து வீடுகளில் நான் கேட்டுக்கொண்டு திரிந்த கேள்விகள் வரிசையாக என் வீட்டிலேயே நடந்துகொண்டிருந்தன. திட்டத்து டாக்டரிடம் தனியாகச் சொன்னேன். நல்ல மனிதர். அவரே பார்த்து மாத்திரை கொடுத்தார். என் பையிலேயே மாத்திரை வீட்டுக்கு வந்தது, ஊருக்குத் தெரியவில்லை. ஓரிரு மாதத்தில் பிள்ளை சோறு கேட்டுச் சாப்பிட்டான்.

ஊருக்கு ஏன் தெரியக்கூடாது என்று உன் மேடம் கேட்பார்கள். இங்கே ஏரியில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை கட்ட முடியாது. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதை ஊர் கூடிப் பிரித்துக் கொடுக்கும். அதற்குப் பாடு என்று பெயர். தலையெடுத்த ஆண்பிள்ளைக்கு அதில் ஒரு பங்கு உண்டு. கோயிலுக்கு முன்னால் எல்லோரும் உட்கார்ந்திருக்க, ஊர்த்தலைவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பங்குக்காரன் தானே எழுந்து நின்று குரல் கொடுக்க வேண்டும். அப்பன் பதில் சொல்லக்கூடாது, அண்ணன் தம்பி பதில் சொல்லக்கூடாது. புத்தி பேதலித்தவன் என்று தெரிந்தால் பங்கு போய்விடும். பங்கு போனவனுக்கு ஊரில் பெண் கொடுக்க மாட்டார்கள், பேச்சில் இடம் கொடுக்க மாட்டார்கள், செத்தால் பறை அடிக்கிறதில்கூட ஒரு குறை வைப்பார்கள். உன் நைனா அதற்குத்தான் பயந்தார். மீன் வராவிட்டால் பட்டினி கிடக்கலாம், ஊர்க்கணக்கில் ஆளே இல்லை என்றால் என்ன செய்வது என்று கேட்டார்.

அதனால் அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தோம். உனக்கு இது மறந்திருக்க நியாயமில்லை, நீயும் அதில் ஒரு வாத்தியார். பாயை விரித்து அதில் நீ ஊர்த்தலைவராக உட்காருவாய். தலைவரைப்போலவே தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லப்பன் வூட்டு பெரிய புள்ள வந்துகீறானா?" என்பாய். தேசப்பன் எழுந்து, "கீறேன்!" என்பான். குரல் தாழ்ந்தால் நைனா மறுபடி சொல்லச் சொல்வார். தரையைப் பார்த்தால், "கண்ண பாத்து பேசுடா" என்று அதட்டுவார். யாராவது எப்படிடா இருக்கிறாய் என்றால் நல்லாக்கீறேன் என்று சொல்ல வேண்டும். தலைவலியா என்றால் இல்லை. தூக்கம் வந்ததா என்றால் வந்தது. யாராவது பேசுகிற மாதிரி கேட்கிறதா என்றால் சிரித்துக்கொண்டே, "உங்க பேச்சுதான் கேக்குது மாமா" என்று சொல்ல வேண்டும். அந்தக் கடைசிப் பதிலை நீதான் கண்டுபிடித்தாய். நாங்கள் எல்லோரும் சிரித்தோம், அவனும் சிரித்தான். அவன் ஒரு வார்த்தை தப்பாமல் கற்றுக்கொண்டான். வருஷக்கணக்கில் ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. வேண்டாம், முடியவில்லை, வலிக்கிறது, இந்த மூன்றையும் அவன் வாயிலிருந்து நாங்கள் வழித்து எடுத்துவிட்டோம்.

பிறகு ஒரு நாள் திட்டம் முடிந்தது. கல்லறைச் சுவருக்குப் பக்கத்திலேயே பந்தல் போட்டு, பிஸ்கட் கொடுத்து, எங்களோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மேலே இருந்த ஒரு மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களால்தான் இது நடந்தது என்று கண் கலங்கினார்கள். உண்மையாகவே கலங்கினார்கள். மீதமிருந்த மாத்திரையைக் கையில் கொடுத்து, இனிமேல் அரசு ஆஸ்பத்திரியில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்கள். நான் தனியாக டாக்டரிடம் போய், "சார், தொடர்ந்து நீங்களே குடுக்க முடியாதா?" என்று கேட்டேன். "ஃபண்டு முடிஞ்சிடுச்சும்மா, என் கையில ஒண்ணும் இல்ல" என்றார். அவருக்கும் அன்றோடு வேலை முடிந்தது என்று பிறகு தெரிந்தது. என் வேலை, அவர் வேலை, என் பிள்ளையின் மாத்திரை எல்லாம் ஒரே தேதியில் நின்றுபோனது.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் பஸ் ஏற வேண்டும். பஸ்ஸில் பாதி நம்ம ஊர்தான். கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள் ஒவ்வொருத்தியும் எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய், பெரியவனுக்கு என்ன என்று கேட்பாள். பாடு பிரிக்கிற நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. "கொஞ்ச நாள் போவட்டும், இப்ப நல்லாத்தானே கீறான்" என்றார் உன் நைனா. அவனைக் கேட்டோம். நல்லாக்கீறேன் என்றான். அந்தப் பதிலைச் சொல்லிக் கொடுத்தவர்களே அதை நம்பினோம். உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது இப்படி ஒரு கூத்து நடக்குமா என்று எனக்குத் தெரியாது.

வாடைக்காற்று அடிக்கிற பருவம், கையில் இருந்த மாத்திரையும் தீர்ந்திருந்தது. மழைத் தண்ணீர் ஏரியை நிரப்பி, முகத்துவாரம் வழியாகக் கடலுக்கு இழுத்துக்கொண்டு ஓடுகிற நேரம். வலை கட்டப் போன இடத்தில் தேசப்பன் படகை விட்டு இறங்கி, யாரோ கூப்பிட்ட மாதிரி முகத்துவாரத்தைப் பார்த்து நடந்திருக்கிறான். உன் நைனா குதித்துப் போய் அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் தள்ளியிருக்கிறார். அவனைப் பக்கத்துப் படகுக்காரர்கள் இழுத்துப் போட்டுவிட்டார்கள். உன் நைனாவைத் தண்ணீர் இழுப்பு கொண்டுபோய்விட்டது. மறுநாள் லைட்ஹவுஸ் குப்பத்துப் பக்கம் கரை ஒதுங்கினார். தொழிலில் தவறி விழுந்தார் என்று ஊர் சொன்னது, நானும் மறுக்கவில்லை. ஆனால் படகுகளில் இருந்தவர்களுக்குக் கண் இருக்கிறதல்லவா? அடுத்த பாடு பிரிக்கும்போது தேசப்பன் பெயரைக் கூப்பிடவே இல்லை. அவன் கூட்டத்தில் கடைசிவரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்தான். எதற்காக இத்தனையும் செய்தோமோ அது நடந்தேவிட்டது. நடந்த பிறகு பார்த்தால், நைனா போன வீட்டில் அது ஒரு பெரிய நஷ்டமாகவே தெரியவில்லை. அதற்குப் பிறகு நான் யாருக்கும் பயப்படவில்லை. மாதாமாதம் எல்லோர் கண் முன்னாலும் பஸ் ஏறுகிறேன். எங்கே போகிறாய் என்றால் பைத்தியத்துக்கு மாத்திரை வாங்கப் போகிறேன் என்று பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி சொல்கிறேன்.

நைனாவுக்குக் காரியம் முடிந்த அன்று நீ ஸ்கூல் சட்டையோடு வந்து, "நான் இதுக்கு மருந்து கண்டுபுடிக்கிற படிப்பு படிக்கப் போறேம்மா" என்றாய். நான் உன்னைத் தடுக்கவில்லை. நீ படித்தது எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குச் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். கருவாடு காயப்போட்டுக்கொண்டே உன் புத்தகத்தில் இருந்த ஆங்கிலப் பெயர்களை எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறேன். அந்த நோய்க்கு நல்ல மருந்து வரத்தான் வேண்டும். யாராவது ஒருவருக்குக் கொடுத்துப் பார்க்காமல் மருந்து வராது, அதுவும் எனக்குத் தெரியும். நான் ஆராய்ச்சி வேண்டாம் என்கிற பட்டிக்காட்டுக்காரி இல்லை.

ஆனால் உன் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது? இப்போது சாப்பிடுகிற மாத்திரையைச் சில வாரம் நிறுத்திவிட்டுத்தான் புதியதைத் தொடங்குவார்கள் என்று எழுதியிருக்கிறது. மாத்திரை நின்றால் இந்த வீட்டில் என்ன நடந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? பங்கு பெறுகிறவர் எந்த நேரத்திலும் வேண்டாம் என்று சொல்லி விலகிக்கொள்ளலாம், உடம்பில் எந்தத் தொந்தரவு இருந்தாலும் தெரிவிக்கலாம் என்றும் எழுதியிருக்கிறது. படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. போன வருஷம் ஆஸ்பத்திரியில் ஊசி மாற்றிப் போட்டபோது அவன் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. தாடை பூட்டிக்கொண்டு கஞ்சி கடைவாய் வழியாக ஒழுகியது. தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் எப்படிப்பா இருக்கே என்று கேட்டார். கோணின கழுத்தோடு, அவர் கண்ணைப் பார்த்து, "நல்லாக்கீறேன் சார்" என்றான். டாக்டருக்குக் கண் இருந்ததால் பிழைத்தான். உங்கள் மாத்திரை அவன் ஈரலைத் தின்றாலும், மண்டைக்குள் ஆயிரம் பேர் வந்து கத்தினாலும், நீங்கள் கேட்டால் அவன் அதே பதிலைத்தான் சொல்வான். நீங்கள் அதற்கு நேராக டிக் அடிப்பீர்கள். மருந்து நல்ல மருந்து என்று அவனை வைத்து முடிவு கட்டுவீர்கள். அதை நம்பி இன்னொருத்தி தன் பிள்ளைக்கு வாங்கிக் கொடுப்பாள்.

இன்னொன்றும் படித்தேன். ஆராய்ச்சியில் வேலை செய்கிறவர்களுக்கு இவர் உறவினர் இல்லை என்று முதல் பக்கத்தில் அச்சடித்து, அதற்கு நேராக உன்னோடு வேலை செய்கிற பெண்ணின் பெயர் இருக்கிறது. அவள் கொண்டுவந்த ஆள் மாதிரி காட்டிவிட்டு, ஆள் சேர்த்த கணக்கை மட்டும் உன் பக்கம் மாற்றிக்கொள்வதாகப் பேச்சு, இல்லையா? அந்தப் பெண்ணையும் ஏன் இதில் இழுக்கிறாய்? நீ கெட்டவன் இல்லை. இன்னும் இரண்டு பேரைச் சேர்த்தால்தான் உன் ஒப்பந்தத்தை நீட்டிப்பார்கள், இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு கிளம்ப வேண்டும் என்று சாப்பிடும்போது நீ சொன்னாய். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய், ஒரு வாய் வைக்கவில்லை. உனக்கு அண்ணன்மேல் பாசம் இல்லை என்று நான் நினைக்கவில்லை. புது மாத்திரையால் அவனுக்கு நல்லது நடக்கும் என்று நீ பாதி நம்புகிறாய். வேலை போய்விடும் என்ற பயம் மீதிப் பாதி. அந்தப் பயம்தான் உன் நைனாவிடமும் இருந்தது. அவருக்கு ஊர் பயம், உனக்கு ஆபீஸ் பயம்.

வேலை போனால் போகட்டும் என்று நான் லேசாகச் சொல்லவில்லை. உன் சம்பளத்தில்தான் இந்த வீட்டுக்கு ஓடு மாற்றினோம். இருந்தாலும் சொல்கிறேன், போனால் போகட்டும். இதே துறையில் வேறு வேலை தேடு. கணக்குப் போடுகிற படிப்பைக் கற்றுக்கொள், உனக்குத் தலை இருக்கிறது. அரசு மனநல ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளர் வேலைக்குப் பரீட்சை எழுது. ஆராய்ச்சியில் யாருக்கும் அநியாயம் நடக்கிறதா என்று பார்க்கிற குழு ஒன்று உண்டே, அதற்கும் வேலையாட்கள் வேண்டும்தானே, அங்கே போய்ப் பார். எங்கே நேர்முகத்துக்குப் போனாலும் அவர்கள் உன்னைக் கேள்வி கேட்டு முடித்த பிறகு நீ ஒரு கேள்வி கேள்: ஃபண்டு முடிந்த மறுநாள் இந்த ஜனங்களுக்கு மாத்திரை யார் கொடுப்பார்கள்? முகத்தைச் சுளித்தார்கள் என்றால் அந்த இடம் உனக்கு வேண்டாம். யோசித்துப் பதில் சொன்னார்கள் என்றால், சம்பளம் குறைவாக இருந்தாலும் சேர். வீடுகளுக்குப் போகும்போது, நல்லா இருக்கிறேன் என்கிறவர்களிடம் கொஞ்சம் கூடுதலாக உட்கார். அவர்கள் சாப்பிடுவதைப் பார், நடப்பதைப் பார். நேரம் இல்லை என்று மேலே இருக்கிறவர்கள் சத்தம் போடுவார்கள். போடட்டும்.

இவ்வளவுதான் எழுத நினைத்தேன். கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒரு வரியில் முடித்து, காகிதத்தை மடித்து வைக்கப் போனேன். நேற்று மத்தியானம் நடந்தது இது. கடைசிப் பக்கத்தைத் திருப்பினால், பங்கு பெறுகிறவர் என்ற இடத்தில் பெரிய பெரிய எழுத்தில் 'எ. தேசப்பன்' என்று இருந்தது. நீ போட வைத்தாயோ என்று ஒரு நிமிஷம் உன்மேல் கொலைவெறி வந்தது. வெளியே அவன் வெயிலில் உட்கார்ந்து கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான். காகிதத்தை அவன் முன்னால் நீட்டினேன்.

"இத யார்ரா போட்டது?"

"நான்தான்."

"தம்பி போடச் சொன்னானா?"

"சொல்லல. நீ படிச்சு வெச்சப்புறம் நானா போட்டேன்."

"இதுல இன்னா எழுதிக்கீதுன்னு தெரியுமா உனக்கு?"

"படிச்சேன். இந்த மாத்திரய நிறுத்திடுவாங்க. அவங்க திரும்பி வந்து பேசுவாங்க." அவங்க என்று அவன் சொன்னது மண்டைக்குள் பேசுகிறவர்களை என்று உனக்கும் எனக்கும் தெரியும்.

"தெரிஞ்சுமா போட்டே? பயமா இல்லியா?"

"பயமாத்தான்கீது" என்றான். பயமாக இருக்கிறது என்று அவன் சொல்லி நான் கேட்டதே இல்லை, தம்பி. நான் அவன் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துவிட்டேன். கருவாட்டைத் திருப்புவதை அவன் நிறுத்தவில்லை. என்னைப் பார்க்காமல் சொன்னான்: "நைனா என்னாலதான் போனாரு. இவன் வேலையும் என்னால போவணுமாம்மா?"

அவன் தலையை என் மடியில் இழுத்துப்போட்டுக்கொண்டு, தெருவில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன். அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நாம் நடத்திய பாடம், முகத்துவாரத்தில் நடந்தது, ஊர் அவன் பெயரை விட்டது, நீ சோற்றைப் பிசைந்துகொண்டே பேசியது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, இத்தனை வருஷம் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்திருக்கிறான். உனக்கு ஒரு வேலை நிற்க வேண்டும் என்பதற்காகத் தன் புத்தியையே எடுத்துக் கொடுக்கத் தயாராக இருக்கிறான். அந்தக் கையெழுத்துக்குச் சம்மதம் என்று நீங்கள் பெயர் வைப்பீர்கள்.

அந்தப் பக்கத்தை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். மீதிக் காகிதம் இதோடு இருக்கிறது. கார் அனுப்ப வேண்டாம். சம்மதிக்காதவர்களை எழுதுவதற்கு உங்களிடம் ஓர் இடம் இருக்கும், எங்கள் காலத்திலும் இருந்தது, அதை நிரப்புவதற்கு யாருக்கும் கை வராது. நீ நிரப்பு. அதில் அவன் பெயர் வேண்டாம், அவன் மறுக்கவில்லை. என் பெயரைப் போடு. காரணம் கேட்டால், அவள் பெற்றது இரண்டு பிள்ளை, ஒருவனுக்காக இன்னொருவனைக் கொடுக்க மாட்டாளாம் என்று எழுது.

அம்மா